காயத்தை வார்ப்பது: சோம்நாத் ஹோரும் நம்ம தாது வருஷமும்

பஞ்சத்துக்குச் சிலை வைக்க முடியுமா?

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போரில் செத்தவனுக்குக் கல் நடலாம். வீரன், வாள், குதிரை என்று செதுக்க ஏதாவது இருக்கும். நம்ம நடுகல் மரபே அதுதான். தலைவர்களுக்குச் சிலை வைக்கலாம். சங்கரன்கோவிலில் இருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் வழியில் சிலைகளை எண்ணிக்கொண்டே போகலாம், பலதும் கம்பிக்கூண்டுக்குள் இருக்கும். ஆனால் பட்டினியில் செத்தவன் எந்த வீரச்செயலும் செய்யவில்லையே. சாப்பாடு கிடைக்கவில்லை, செத்துப்போனான். அதில் செதுக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தன் கையால் ஒரு பதில் செய்தவர் என்று நான் நினைப்பது வங்காளக் கலைஞர் சோம்நாத் ஹோர். அதற்கு அவருக்கு ஏறக்குறைய 30 வருஷம் ஆனது. அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், அது ஏன் தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கும் வேண்டியது என்பதுதான் இந்தப் பதிவு. நான் கலை விமர்சகன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு கோடு எழுதும் ஆள். அதனால் 'எப்படிச் செய்தார்' என்ற இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் பார்த்தது

சோம்நாத் ஹோர் 1921-இல் சிட்டகாங் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். இன்றைக்கு அது பங்களாதேஷ். பர்மா எல்லை பக்கம். இந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது கதைக்கு முக்கியம்.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஜப்பான்காரன் அடுத்து வங்காளக் கரையில் இறங்கிவிடுவான் என்ற பயத்தில், அவன் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று ஆங்கில அரசு கரையோர மாவட்டங்களில் நெல்லையும் பல்லாயிரம் படகுகளையும் பறிமுதல் செய்தது. படகு போனால் மீன் இல்லை, சந்தைக்குப் போக வழியும் இல்லை. அதே வருஷம் அக்டோபரில் மேதினிப்பூர் பக்கம் பெரிய புயல். போர்க்கால விலையேற்றம், பதுக்கல், கப்பலில் தானியம் அனுப்ப லண்டன் காட்டிய தயக்கம் எல்லாம் சேர்ந்து 1943-இல் வங்காளப் பஞ்சமாக வெடித்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு செத்தவர்கள் 15 லட்சம் என்றது. பிறகு வந்த ஆய்வாளர்களில் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். மழை பொய்த்து வந்த பஞ்சம் என்று இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. இதில் மனிதக் கை அதிகம்.

சிட்டகாங் இந்த எல்லாவற்றின் நடுவிலும் இருந்தது. 1942-இல் பட்டியா என்ற ஊரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஹோருக்கு அப்போது 21 வயது. சிதறிக் கிடந்த உடல்களை நேரில் பார்த்தார். அதுவரை கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கையால் போஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பையன். அடுத்த வருஷம் பஞ்சம். ஓவியர் சித்தபிரசாத் அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். பசியில் கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து வரையச் சொல்லிக்கொடுத்தார். ஹோருக்கு முதல் ஓவியப் பள்ளி அந்தத் தெருதான். அந்தக் கோட்டோவியங்கள் கட்சியின் 'ஜனயுத்தா' பத்திரிகையில் வந்தன.

பிறகுதான் கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரி. அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபிதீனும் பஞ்சத்தை வரைந்து பெயர் பெற்றவர். 1946 கடைசியில் ரங்க்பூர் போய், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடிய குத்தகை விவசாயிகளின் தேபாகா இயக்கத்தை வரைந்தும் எழுதியும் பதிவு செய்தார். அதற்குப் பிறகு அச்சோவிய ஆசிரியர் வேலை. முதலில் டெல்லி, 1960களின் கடைசியிலிருந்து சாந்திநிகேதன் கலாபவனம். கட்சி உறுப்பினர் என்ற நிலையை 1950களிலேயே விட்டுவிட்டார். ஆனால் 1943 அவரை விடவில்லை.

வரைந்த பிறகும் தீராதது

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பஞ்சம் நடக்கும்போதே வரைந்தாயிற்று, பத்திரிகையிலும் வந்தாயிற்று. பிறகு ஏன் 1970களில் மறுபடி அதையே தொட வேண்டும்?

என் புரிதல் இது. 1943-இல் வரைந்த படங்களுக்கு ஒரு வேலை இருந்தது. 'இங்கே ஆள் சாகிறான், வந்து பாருங்கள்' என்று ஊருக்குச் சொல்வது. அது செய்தி. செய்திக்கு முகம் வேண்டும், விலா எலும்பு வேண்டும், காலிச் சட்டி வேண்டும். பார்த்தவுடன் புரிய வேண்டும். சித்தபிரசாத் 1943-இல் 'ஹங்கிரி பெங்கால்' என்று ஒரு சிறு நூல் போட்டபோது ஆங்கில அரசு அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. அந்த அளவுக்கு அந்தச் செய்தி சுட்டிருக்கிறது.

30 வருஷம் கழித்து யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சம் முடிந்துவிட்டது. செத்தவர்கள் செத்தவர்கள்தான். மிச்சம் இருப்பது பார்த்தவனுக்குள் கிடக்கும் ஒன்று. அதற்குக் குறிப்பிட்ட முகம் கிடையாது. அதை எப்படி வெளியே எடுப்பது?

அந்த நேரத்தில் சுற்றிலும் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்கத்தாத் தெருக்களில் நக்சல் காலக் கொலைகள். வியட்நாமில் போர். 1971-இல் பங்களாதேஷ் போர். ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஹோரின் சொந்த ஊர்ப்பக்கமும் எரிந்தது. பழைய காயத்தின் மேலேயே புதிய காயம்.

காகிதத்தில் காயம்

1971 வாக்கில் ஹோர் ஒரு தொடரைத் தொடங்கினார். அதன் பெயர் 'காயங்கள்'. தொழில்நுட்பம் இப்படி:

முதலில் களிமண்ணை ஒரு தட்டையான பலகை மாதிரி பரப்புகிறார். அந்த ஈர மண்ணைக் கத்தியால் கிழிக்கிறார், குத்துகிறார், காய்ச்சிய கம்பியால் சுடுகிறார். அடுத்து அந்த மண் பலகையில் இருந்து சிமெண்டில் ஒரு அச்சு எடுக்கிறார். மண்ணில் பள்ளமாக இருந்தது சிமெண்டில் மேடாக வரும். கடைசியாக, சிமெண்ட் அச்சின் மேல் காகிதக் கூழை அழுத்தி, காயவைத்து, உரித்து எடுக்கிறார். இப்போது கையில் இருப்பது ஒரு வெள்ளைத் தாள். அதில் மை இல்லை, பெரும்பாலும் நிறமும் இல்லை. வெள்ளையின் மேல் வெள்ளையாக வெட்டுகள், துளைகள், பிதுங்கல்கள். விளக்கு பக்கவாட்டில் இருந்து விழுந்தால்தான் நிழல் தெரியும், நிழல் தெரிந்தால்தான் காயம் தெரியும்.

இது அச்சோவியமா, சிற்பமா? இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லலாம். பார்ப்பவருக்குத் தோல் மாதிரி இருக்கும். தழும்பு ஆறிய தோல் இல்லை, ஆறாத தோல்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இந்தத் தாளில் காயத்தின் படம் கிடையாது. மண்ணுக்கு உண்மையிலேயே வெட்டு விழுந்தது, உண்மையிலேயே சூடு பட்டது. அந்த நிகழ்வின் தடம் அச்சு வழியாக நமக்கு வந்து சேர்கிறது. ஓவியத்தில் ரத்தம் என்றால் அது சிவப்பு வண்ணம். இங்கே வெட்டு என்றால் அது வெட்டு. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு விபத்தைப் பற்றி எழுதிய ரிப்போர்ட் வேறு, விபத்து நடந்த நேரத்தில் மெஷின் தானாகவே பதிந்துவைத்த லாக் வேறு. 'காயங்கள்' இரண்டாவது வகை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தாள்களில் ஆள் இல்லை. எந்தப் பட்டினிக்காரனின் உடம்பும் நம் பார்வைக்காக அங்கே நிற்கவில்லை. இது ஏன் பெரிய விஷயம் என்று கடைசியில் தாது வருஷத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

மெழுகில் இருந்து வெண்கலம்

1974 வாக்கில் அவர் வெண்கலத்துக்குப் போனார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. முறை நமக்கு நன்றாகத் தெரிந்தது: மெழுகு உருவைச் சுற்றி மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் இன்றும் இதுதான் தொழில்.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். சுவாமிமலை ஸ்தபதி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைச் செய்வார். சிற்ப சாஸ்திரத்தின் தாள அளவு கையில் இருக்கும். முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்று கணக்கு. உலோகம் ஊற்றி, மண்ணை உடைத்தபின் உளியும் அரமும் வைத்து நாள் கணக்கில் நுணுக்குவார். குறை எதுவும் மிஞ்சக் கூடாது. தெய்வத்தின் உடம்பு நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே.

ஹோர் மெழுகைத் தகடாக ஆக்கிக்கொண்டார். அதை வெட்டி, மடித்து, சுருட்டி, கிள்ளி, சூடான கருவியால் ஒட்டி நேரடியாக உருவம் செய்தார். கை ஒரு சுருள். விலா என்றால் தனித்தனிப் பட்டைகள், நடுவில் இடைவெளி. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் பல நேரம் ஓட்டைதான் இருக்கும். தலை பிளந்திருக்கும். உலோகமான பிறகு அந்தக் கிழிசலை இழைத்துச் சமன் செய்யவில்லை, அப்படியே விட்டார். மெழுகு ஒரு தடவை உருகி ஓடிவிட்டால் திரும்ப வராது என்பதால் இப்படிச் செய்த ஒவ்வொன்றும் ஒரே பிரதி.

அளவும் கவனிக்க வேண்டியது. இவற்றில் பெரும்பாலானவை சின்னவை, மேஜையில் வைக்கலாம். பிள்ளையைப் பிடித்த தாய், குந்தி உட்கார்ந்த ஆள், அடிபட்ட ஆடு, நாய். அண்ணாந்து பார்க்கப் பீடம் கிடையாது. குனிந்து, கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1959-இல் வைத்தது. செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளிதான், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல வருஷம் இருந்தவர். அந்த நாலு பேரின் தசையையும் நரம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். உழைக்கும் உடம்புக்கு அது பொருத்தம். அதே தசை மொழியில் பசியைச் சொல்ல முடியாது. உடம்பு தன்னையே தின்றுவிட்ட நிலையைச் சொல்ல, இல்லாமல் போனதை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஹோரின் வெண்கலத்தில் பாதி வேலையைச் செய்வது அந்த ஓட்டைகள்.

எங்க ஊர்த் தகட்டு உரு

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்க ஊர் கோமதி அம்மன் கோயில் ஞாபகம் வந்தது. சங்கரன்கோவிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். புற்றுமண் பிரசாதம், ஆடித்தபசு, அதோடு கடைகளில் விற்கும் சின்னச் சின்னத் தகட்டு உருக்கள். பாம்பு, தேள். வீட்டில் விஷப்பூச்சி தொந்தரவு, கனவில் பாம்பு என்றால் அந்த உருவை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டுப் போவார்கள். பல கோயில்களில் கை, கால், கண் என்று உடம்பு உறுப்புகளையும் இப்படி உருவாகப் போடுவது உண்டு.

யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு சிற்பக் கோட்பாடுதான். எனக்குள் இருக்கும் பயத்தை, வலியை ஒரு உலோகத் துண்டாக ஆக்கி வெளியே வைக்கிறேன். வெளியே வைத்ததும் அது அம்மனுடைய பொறுப்பு. நான் கை கழுவிக்கொண்டு பஸ் பிடிக்கலாம். எங்க ஆச்சி இதைத்தான் 'இறக்கி வச்சிட்டு வாரேன்' என்று சொல்வாள்.

ஹோர் செய்ததும் பாதி தூரம் இதேதான், உள்ளே கிடந்த காயத்தை உலோகமாக வெளியே வைப்பது. ஆனால் அவருக்கு உண்டியல் கிடையாது. ஏற்றுக்கொள்ள அம்மனும் இல்லை. அதனால் இறக்கி வைத்தும் இறங்கவில்லை, கடைசிவரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார். தனி மனிதனின் நோவு என்றால் ஒரு உருவோடு தீரலாம். 15 லட்சம், 30 லட்சம் பேரின் சாவு, அதுவும் மனிதர்களின் முடிவால் வந்த சாவு, யார் உண்டியலில் போய்ச் சேரும்?

இந்தத் தாமதம் புதிது இல்லை

ஹோர் மனதில் வைத்திருந்த கலைஞர்களில் ஒருவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ். அவருடைய 18 வயது மகன் பீட்டர் முதல் உலகப்போரில் தானாகச் சேர்ந்து, 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் செத்தான். உடனே அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்யத் தொடங்கினார். முதலில் யோசித்தது மகன் படுத்துக்கிடக்கும் உருவம். அது சரிவரவில்லை, சில வருஷத்தில் கைவிட்டார். கடைசியில் 1932-இல் கல்லறைத் தோட்டத்தில் வைத்ததில் மகனே இல்லை. முழந்தாளிட்ட அப்பா, முழந்தாளிட்டுக் குனிந்த அம்மா, அவ்வளவுதான். முகங்கள் அவருடையதும் கணவருடையதும். அந்த இரண்டு உருவங்களுக்கு 18 வருஷம் ஆனது.

இரண்டு பேரிடமும் ஒரே நகர்வு தெரிகிறது. முதலில் செத்தவனைச் செய்யப் பார்க்கிறார்கள். பிறகு அதை விட்டுவிட்டு, அந்தச் சாவு உயிரோடு இருப்பவரில் விட்ட பள்ளத்தைச் செய்கிறார்கள். அதற்குத்தான் வருஷங்கள் தேவைப்படுகின்றன போல. 1914-இல் இருந்து 1932. 1943-இல் இருந்து 1971, 1974.

திருடு போன தாய்

ஹோர் செய்த வெண்கலங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று ஒரு தாயும் குழந்தையும். வியட்நாம் மக்களுக்கு அஞ்சலியாகச் செய்தது. சில வருஷ உழைப்பு. 1977-இல் முடித்தார். முடித்த கொஞ்ச நாளிலேயே கலாபவனத்தில் இருந்து அது திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரே பிரதி என்று மேலே சொன்னேன் இல்லையா, அதன் விலை இதுதான். பேக்கப் கிடையாது. 2006-இல் ஹோர் இறந்தார். அடுத்த வருஷம் அரசு பத்மபூஷண் அறிவித்தது. அந்தத் தாய் இன்றைக்குப் புகைப்படத்தில்தான் இருக்கிறாள்.

சரி, நம்ம தாது வருஷம்?

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அடித்த பஞ்சத்துக்குத் தமிழில் பெயர் 'தாது வருஷப் பஞ்சம்'. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. வங்காளப் பஞ்சத்தை விடப் பெரியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும்.

இந்தப் பஞ்சத்தில் இருந்து நம்மிடம் மிஞ்சியது என்ன? முதலாவது, புகைப்படங்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்தவை. எலும்பும் தோலுமான மனிதர்களைக் கும்பலாக, குடும்பமாக உட்காரவைத்து, நிற்கவைத்து எடுத்தார். கேமராவைப் பார்க்கும் அந்தக் கண்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் வாட்ஸப்பில் சுற்றுகின்றன, பல நேரம் எந்த ஊர், எந்த வருஷம் என்ற விவரம்கூட இல்லாமல். ஆளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. பசித்தவனின் உடம்பைக் காட்சிப் பொருளாக்காமல் பசியைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. முகமே இல்லாத ஹோரின் வெள்ளைத் தாள் அதற்கு ஒரு வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ஒரு கால்வாய். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. பட்டினி கிடந்தவர்கள் வெட்டினார்கள். பெயர் வைத்தது அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனுக்கு. இந்தப் பஞ்சத்துக்கு நம் தலைநகரில் இருக்கும் மிகப் பெரிய நினைவுச்சின்னம் அதுதான் என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் அது யாருடைய நினைவு என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். இன்றைக்கு அதில் ஓடுவது சாக்கடை, மேலே ரயில்.

மூன்றாவது, வாய்வழி நினைவு. எங்க ஊர்ப் பக்கம் கரிசல் காடு, மழையை நம்பின பூமி. சாப்பாட்டை வீணாக்கும் பிள்ளையைத் திட்டும்போது 'தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்' என்று சொல்லும் கிழவிகள் என் சின்ன வயதில்கூட இருந்தார்கள். அவர்களே அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இல்லை, அவர்கள் ஆச்சிமார் சொல்லக் கேட்டவர்கள். எங்க வீட்டில் இப்போது அந்த வாக்கியம் சொல்ல ஆள் இல்லை. 60 வருஷச் சக்கரத்தில் தாது 1936-இல் வந்தது, 1996-இல் மறுபடி வந்தது. 1996-இல் நான் பி.இ. முதல் வருஷம். அந்தப் பெயர் வந்து போனதே எனக்குத் தெரியவில்லை. அடுத்த தாது 2056.

யாராவது ஒருவர் அதற்குள் இந்தப் பஞ்சத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு சிற்பம் வைக்க நினைத்தால், மெலிந்த தாய், கையில் குழந்தை, பக்கத்தில் காலிப் பானை என்று சிமெண்டில் ஒன்றை ரவுண்டானா நடுவில் வைத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் இருக்கிறது. ஹூப்பர் படத்தையே மறுபடி எடுத்த மாதிரி ஆகிவிடும். பார்த்தவரே உயிரோடு இல்லாத ஒரு பஞ்சத்தின் நினைவை எதில் இருந்து எடுப்பது? 450 கிராம் தானியத்தின் எடையில் இருந்தா? மண் வெட்டியவன் கைத்தடத்தில் இருந்தா? நடைமுறையில் பார்த்தால், அந்தக் கால்வாய்க் கரையில், வெட்டியது யார் என்று சொல்லும் ஒரு கல்லில் இருந்தே தொடங்கலாம்.

ஹோரின் வேலைகள் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. டெல்லி போகிறவர்கள் அங்கே வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். 'காயங்கள்' தாள் ஒன்று சுவரில் இருந்தால், நேராக நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வெறும் வெள்ளைத் தாள் மாதிரிதான் இருக்கும். இரண்டடி பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். நிழல் விழும்.